வலசைப் பறவைகளை வழியனுப்புதல்
(மாசி, பங்குனி மாதங்களுக்குரிய இல்லப் பாடம்)

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் முதன்முதலாகக் கற்பிக்கப்படும் விதி. அவ்விதியை ஒட்டியே இப்பாடத்தை அமைத்துள்ளேன். பெற்றோர் படித்துக் காட்டுக. பிள்ளைகள் கேட்டு உணர்க. பின்னர் அனைவரும் தத்தம் ஊர் ஏரிக்கரைக்குச் சென்று கண்ணாற் கண்டு தெளிக.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கின என்னும் செய்தி நாளிதழ்களில் படத்துடன் வெளிவருவதைக் காண்கிறோம். அப்பறவைகள் மாசியிலும் பங்குனியிலும் திரும்பிச் செல்வதைப் பற்றி எழுதுவோர் சிலரே. விருந்தினரை வரவேற்பதோடு நம் கடமை முடிவதில்லை. அவர் புறப்படும் நாளில் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, தெருமுனை வரையிலேனும் உடன் சென்று வழியனுப்புவதன்றோ நம் வழக்கம்? பறவைகளுக்கும் புறப்படும் காலமே பேருதவி வேண்டப்படும் காலமாகும். அவ்வுதவி யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

பருவமும் பெயர்ச்சியும்

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த தமிழர், மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றனர். இங்கே பனி விலகி வெயில் ஏறும் இவ்விரு மாதங்களில், வடக்கே சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் உறைபனி மெல்ல மெல்ல உருகத் தொடங்கும். அங்கே இளவேனில் பிறக்கும், பூச்சிகள் பெருகும், பகற்பொழுது நீளும். குஞ்சு பொரித்து வளர்ப்பதற்கு அதனினும் ஏற்ற இடமில்லை. ஆதலின் குளிர்காலத்தை நம் நாட்டிற் கழித்த பறவைகள் தாம் பிறந்த வடதிசைக்கு மீளுகின்றன. இவ்வாறு பருவந்தோறும் இடம் பெயர்ந்து மீளுவதை வலசை என்கிறோம்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். வறுமையுற்றுப் பிறவூரில் குளிரால் வாடிய சத்திமுற்றப் புலவர், பெடையுடன் வடக்கு நோக்கிப் பறந்த நாரையை விளித்து, வழியிலுள்ள தம் ஊரில் இருக்கும் மனைவியிடம் தம் நிலையைச் சொல்லுமாறு வேண்டிய பாடல் பலரும் அறிந்ததே. ஐரோப்பியரோ குளிர்காலத்தில் பறவைகள் மறைவது ஏன் என்று நெடுங்காலம் மயங்கினர். தகைவிலான்கள் பொந்துகளில் உறங்கிக் கிடக்கின்றன என்று நம்பியவர்களும் உளர். 1822 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு வெண்ணாரை, கழுத்தில் ஆப்பிரிக்க நாட்டு ஈட்டி தைத்தபடி காணப்பட்டது. அதன் பின்னரே நாரைகள் கடல் கடந்து சென்று மீளுகின்றன என்பதற்கு அவர்களுக்கு நேர்ச்சான்று கிடைத்தது. உயிருக்கு ஊறு செய்யாமலும் இவ்வறிவைப் பெறலாம் என்பதைப் பின்னர் டென்மார்க்கு நாட்டு ஆசிரியர் மார்ட்டென்சன் காட்டினார். அவர் 1899 ஆம் ஆண்டில் பறவைகளின் காலில் எண்ணிட்ட சிறு வளையங்களை மாட்டிப் பறக்க விட்டார். இன்றும் உலகெங்கும் அம்முறை வழங்குகிறது. நம் மாநிலத்தில் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாக இப்பணியைச் செய்து வருகின்றனர்.

நம் ஊர்ப்புறத்தில் காணத்தக்கவை

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் ஏரிகள் நிறைந்த நாடு. வேலூரைச் சுற்றிச் சதுப்பேரி, கழிஞ்சூர் ஏரி முதலியனவும், கிழக்கே பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் பேரேரியும் உள்ளன. சத்துவாச்சாரியில் வாழ்வோர் மொட்டை மாடியிலிருந்தும் சில பறவைகளைக் காணலாம். பிள்ளைகள் எளிதில் அடையாளம் அறியக்கூடியவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

மஞ்சள் வாலாட்டி: ஏரியோரப் புல்வெளியிலும் நெல் வயலிலும் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி நடக்கும் சிறு குருவி. மார்கழியில் மங்கிய நிறத்துடன் இருக்கும். மாசி பிற்பகுதியில் அதன் வயிறு பளிச்சென்ற மஞ்சளாக மாறக் காணலாம். புறப்பாடு நெருங்கிற்று என்பதற்கு அதுவே அறிகுறி. கருப்பும் வெள்ளையும் கலந்த வெண்புருவ வாலாட்டி இங்கேயே கூடு கட்டி வாழ்வது. அது எங்கும் செல்வதில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டில் ஒன்று செல்கிறது, ஒன்று தங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுக.

சோளக்குருவி: இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையும் உடையது, சூறைக்குருவி என்றும் கூறுவர். மாலையில் நூற்றுக்கணக்கில் திரண்டு புகைபோல் வானில் சுழன்று அடையும். மாசியில் இலவமும் முள்முருங்கையும் பூக்குங்கால் அம்மரங்களில் தேன் உண்ணும். சித்திரையில் மீண்டு நடு ஆசியப் புல்வெளிகளை அடைந்து, அங்கே வெட்டுக்கிளிகளை உண்டு பயிர் காக்கும். சீன நாட்டின் சின்சியாங் பகுதியில் இப்பறவை தங்குவதற்கென்றே கற்குவியல்களால் கூடுகள் அமைத்துத் தருகின்றனர்.

நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும்: பெரிய ஏரிகளின் நடுவே கூட்டமாக மிதப்பவை. பகலில் பெரும்பாலும் ஓய்வு கொண்டு, இரவில் இரை தேடுவன. பங்குனிக்குள் பெரும்பாலானவை சென்று விடும்.

உள்ளான் வகைகள்: நீர் வற்றும் ஏரியின் சேற்றில் அலகை ஊன்றி ஊன்றி இரை தேடுவன. இவற்றுள் மிகச் சிறியதாகிய கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவே. மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடை என்று கொள்ளலாம். அது கூடு கட்டுமிடமோ வடதுருவத்தை அடுத்த உருசிய நிலப்பகுதி.

இவையன்றி, மின்கம்பியில் வரிசையாக அமரும் தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும், வேலியில் தனித்திருக்கும் பழுப்புக் கீச்சானும், ஏரியின் மேல் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்தும் இம்மாதங்களில் விடைபெறுவனவே. ஆறுமணிக்குருவி எனப்படும் பல்வண்ணப் பறவை சித்திரையையொட்டி வடக்கே செல்லும் வழியில் நம் தோட்டங்களில் ஓரிரு நாள் தங்குவதும் உண்டு.

புறப்படும் நாளை அறிவது எவ்வாறு?

நாட்காட்டி இல்லாத பறவை நாளை எவ்வாறு அறிகிறது என்று பிள்ளைகள் வினவுவர். விடையின் ஒரு பகுதி நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே உள்ளது. அதில் 'அகசு' என்று குறிக்கப்படுவது பகற்பொழுதின் நாழிகை அளவு. மார்கழியில் நம் பகுதியில் அது ஏறத்தாழ 28½ நாழிகையாக இருக்கும்; பங்குனியில் 30 நாழிகையைக் கடந்து விடும். நாம் உணராத இந்தச் சிறு வேறுபாட்டைப் பறவையின் உடல் உணர்கிறது. 1920-களில் கனடா நாட்டுப் பேராசிரியர் வில்லியம் ரோவன், கடுங்குளிர்காலத்தில் கூண்டுக் குருவிகளுக்கு மின்விளக்கால் பகலை நீட்டித்தார். குளிர் சிறிதும் குறையாதிருந்தும், அக்குருவிகளிடம் வேனிற்காலத்து உடல்மாற்றங்கள் தோன்றின. காலத்தை உணர்த்துவது வெப்பமன்று, ஒளியே என்பது இதனால் தெளிவாயிற்று. இதனோடு, ஓராண்டுச் சுற்றினைத் தானே அளக்கும் உள்ளுணர்வும் பறவைக்கு உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வாளர் கண்டனர்.

திசையறிவதற்குச் சூரியன், விண்மீன்கள், நிலவுலகின் காந்தப் புலம் ஆகியவை துணை செய்கின்றன. 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் எம்லன், கோளரங்கின் செயற்கை வானத்தின் கீழ்ப் புனல் வடிவக் கூண்டுகளை வைத்து, அடியில் மை ஒற்றிய அட்டையையும் சுற்றிலும் வெண்தாளையும் அமைத்தார். குருவிகள் எத்திசை நோக்கித் தாவினவோ அத்திசைத் தாளில் காற்சுவடுகள் பதிந்தன. வடமுனையைச் சூழ்ந்த விண்மீன்களைக் கொண்டு அவை திசை தேர்ந்தமை அதனால் விளங்கிற்று.

பறவையின் கட்டுச்சோறு

நாம் பயணத்திற்குக் கட்டுச்சோற்றைக் கையில் எடுத்துச் செல்கிறோம். பறவை அதனைத் தன் உடலுக்குள் கொழுப்பாகச் சேர்த்துக் கொள்கிறது. புறப்படுவதற்கு முந்திய சில வாரங்களில் இடைவிடாது உண்டு, சில சிறு பறவைகள் தம் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக் கொள்கின்றன. அக்கொழுப்பே வழியில் எரிபொருளாகும். 2022 ஆம் ஆண்டில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட பட்டைவால் மூக்கன் என்னும் பறவையின் குஞ்சொன்று, எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து, 13,560 கிலோமீட்டர் கடந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவை அடைந்ததைச் செயற்கைக்கோள் வழி அறிந்தனர். நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வரும் வரித்தலை வாத்து, இமயத்தைக் கடக்குங்கால் 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பறந்தமையும் அளந்தறியப்பட்டுள்ளது.

இப்பயணங்களுக்கான கட்டுச்சோறு சேர்வது மாசி, பங்குனியிலேயே. அப்பொழுதுதான் நம் ஏரிகளும் வற்றுகின்றன. வற்றும் ஏரி பயனற்ற இடம் என்று நாம் எண்ணுகிறோம். உள்ளானுக்கோ புழுவும் பூச்சியும் நிறைந்த அந்தச் சேறே அடுக்களை. அவ்விடத்தில் ஒருவர் நடந்தாலும், நாய் ஓடினாலும், படம் எடுப்பதற்காக நெருங்கினாலும் கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் இரு இழப்புகள்: உண்ணும் நேரம் குறைகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது. நாள்தோறும் பலமுறை இவ்வாறு கலைக்கப்பட்ட பறவை எடை குறைந்தே புறப்படும். அல்லது காலந்தாழ்த்திப் புறப்படும். இரண்டும் கேடே. நாம் கல்லெறியவில்லை, கண்ணி வைக்கவில்லை. ஆயினும் அத்துன்பத்தில் நமக்குப் பங்குண்டு.

கொடுத்தலும் கெடுக்காமையும்

நம் இல்லங்களில் பறவைகளுக்குத் தானியம் தூவும் நற்பழக்கம் உண்டு. புறாவும் குருவியும் கிளியும் அதனை உண்ணும். ஆனால் உள்ளானும் வாலாட்டியும் தகைவிலானும் தானியம் உண்பன அல்ல. அவற்றிற்கு நாம் கொடுக்கத்தக்க உணவு எதுவும் நம் கையில் இல்லை. அவற்றின் உணவைக் கெடுக்காதிருத்தலே நாம் செய்யத்தக்க உதவி. எவ்வுயிர்க்கும் மனம், மொழி, மெய்யால் ஊறு செய்யாமையை முதல் நோன்பாகக் கொண்ட நமக்கு இது புதிய செய்தியன்று. கொடைக்கும் முற்பட்டது கெடுக்காமை.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கூண்டில் அடைத்து விற்கப்படும் சில்லைகளையும் கிளிகளையும் விலை கொடுத்து வாங்கிப் பறக்க விடுவதைப் புண்ணியம் எனக் கருதுவோர் நம்மிடையே உண்டு. எண்ணம் தூயதே. ஆயினும் நாம் கொடுக்கும் பணம், மறுநாள் மேலும் பத்துப் பறவைகளைப் பிடிக்கத் தூண்டுகோலாகிறது. சிறகு நைந்து, இடம் அறியாது விடப்பட்ட பறவை பிழைப்பதும் அரிது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வாங்காமல், வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. சாலையோரங்களில் உள்ளான், கொக்கு, காடை முதலியன கட்டி விற்கப்படக் கண்டாலும் அவ்வாறே செய்க.

ஊரார் காத்த வரலாறுகள்

தனியொரு குடும்பம் விலகி நின்றால் ஏரி காக்கப்பட்டு விடுமா என்று கேட்கலாம். ஊர் கூடினால் காக்கப்படும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரி முதற்சான்று. அங்கே நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுட வந்தவர்களைப் பற்றி முறையிட்டு, 1798 ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். 1936 இல் அது சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022 இல் அதுவும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி ஊரார் தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் பிள்ளைகள் அதனை ஒரு குறையாகக் கருதுவதும் இல்லை.

தவறிய ஊர் திருந்தியதற்கும் சான்று உண்டு. வடகிழக்கே நாகாலாந்தில், அமூர் வல்லூறு என்னும் பறவைகள் ஆப்பிரிக்கா செல்லும் வழியில் தோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் தங்கும். 2012 ஆம் ஆண்டில் வலை விரித்து, ஒரு பருவத்தில் மட்டும் அவற்றுள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவற்றைக் கொன்றனர் என மதிப்பிட்டனர். செய்தி பரவியதும் ஊர் மன்றங்களும் தேவாலயங்களும் மாநில அரசும் ஒன்றுபட்டுத் தடை விதித்தன. மறு ஆண்டே கொலை நின்றது. வலை விரித்த கைகளே காவல் நின்றன. ஓராண்டில் ஓர் ஊர் மாறக் கூடுமெனில், வேறெங்கும் அது கூடாதது அன்று.

நம் பாலாற்றுப் பகுதியில் கூடுதலான ஒரு கடமையும் உண்டு. தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர் சேர்ந்து உப்பேறிய நீர்நிலையில் நத்தை இல்லை, மீன் இல்லை, புழு இல்லை. ஆகவே பறவையும் இல்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான ஈட்டுச் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை நாட்டுக்கே நிலைநாட்டிற்று. 2025 ஜனவரியிலும் பாலாற்றை மீட்பது குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பித்தது. தோல்தொழிலால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதையும் மறத்தலாகாது. கழிவைச் செவ்வனே தூய்மை செய்து தொழிலை நடத்துதல் மனிதர்க்கும் பறவைக்கும் ஒருங்கே நன்மையாம். ஓர் ஏரியின் நீர் நலமாக உள்ளதா என்று அறிய, அதன் சேற்றில் உள்ளான் நடக்கிறதா என்று பார்த்தலும் ஓர் எளிய தொடக்கமாகும்.

வருகைப் பதிவேடு

பள்ளியில் நாள்தோறும் மாணவர் வருகையைப் பதிவு செய்வது போல, வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பறவைகளின் வருகையைப் பதிவு செய்க. வாரம் இருமுறை போதும். பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் இல்லத்தார்க்கு மாலையில் ஒரு நாழிகை கிட்டாமற் போகாது. ஏரிக்கரையின் மேல் நின்றே பார்க்க. நீர் விளிம்புக்கு இறங்க வேண்டா. பறவை தலைநிமிர்ந்து நம்மை நோக்கினால் போதிய அளவு நெருங்கி விட்டோம் என்று பொருள், அங்கிருந்து பின்வாங்குக. நாள், நேரம், இடம், பறவை, எண்ணிக்கை என ஐந்து கட்டங்கள் வரைக. பறவையைக் காணாத நாளையும் 'இல்லை' என்று எழுதுக. அதுவே இப்பதிவேட்டின் உயிர்நாடி. கடைசியாகக் கண்ட நாள் எது என்பது, அதன் பின்னர்த் தேடிக் காணாத நாள்கள் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே உறுதிப்படும்.

இவ்வெளிய குறிப்பால் என்ன பயன் என்று ஐயுற வேண்டா. 2007 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட 'மைக்ரண்ட் வாட்ச்' என்னும் திட்டம் பொதுமக்களிடம் கேட்டவை இவையே: வலசைப் பறவையை முதலிற் கண்ட நாள், இறுதியிற் கண்ட நாள். 2023 இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர்களின் குறிப்புகளைக் கொண்டே எழுதப்பட்டது. நீண்டகாலப் போக்கினை அறிய முடிந்த 338 வகைகளில் 60 விழுக்காடு குறைந்து விட்டன என்று அவ்வறிக்கை கூறுகிறது. இதனை நமக்கு அறிவித்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பொதுமக்களே. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது; பிள்ளைகள் அதில் பங்கு கொள்ளலாம். நம் பதிவேடோ பொங்கலோடு முடியாமல் சித்திரை வரை தொடர வேண்டும்.

வந்தவாசி வட்டத்தார்க்கு வேடந்தாங்கல் தொலைவன்று. மேல்சித்தாமூர்த் திருவிழாவுக்குச் செல்வோர் திண்டிவனம் வழியே மரக்காணம் பக்கத்துக் கழுவேலியையும் கண்டு வரலாம். 2021 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அது, 2024 இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

பயிற்சி

1. வலசை செல்லும் வாலாட்டிக்கும் தங்கி வாழும் வாலாட்டிக்கும் நிறத்தில் உள்ள வேறுபாட்டைக் கூறுக.

2. பஞ்சாங்கத்தைப் பார்த்து, மாசி முதல் நாளுக்கும் பங்குனி இறுதி நாளுக்கும் உரிய பகற்பொழுதின் அளவை எழுதி, வேறுபாட்டை நிமிடத்தில் கணக்கிடுக. (1 நாழிகை = 24 நிமிடம்)

3. மேயும் உள்ளான் கூட்டத்தை ஒருவர் ஒரே மாலையில் ஐந்து முறை கலைத்தால், அக்கூட்டத்திற்கு நேரும் இழப்புகள் யாவை?

4. கூண்டுப் பறவையை விலைக்கு வாங்கி விடுவித்தல் அறமாகுமா? வீட்டில் இருவர் இரு பக்கமாக நின்று உரையாடுக. பெரியோர் தீர்ப்புக் கூறற்க. பிள்ளைகளே முடிவு காண விடுக.

5. உங்கள் ஊர் ஏரியில் ஒரு பறவையைத் தேர்ந்து, அதனை இறுதியாகக் கண்ட நாளைக் குறித்து, அடுத்த ஆண்டும் அவ்வாறே குறித்து ஒப்பிடுக. ஏரியின் பெயரைத் தவறாது எழுதுக.